குடியிருப்பவர் பெயர்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அடைக்கலசாமிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேரிடம் நின்று பேசக்கூட விடமாட்டான். "வண்டி போயிடும் புள்ள, கதையெல்லாம் அப்புறம் பேசிக்க" என்று விண்ணரசியின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பான். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் சங்கத்தார் மாதத்தில் இரண்டு ஞாயிறு ஒரு பஸ் ஏற்பாடு செய்வார்கள். லெஸ்டர் நகரத்திலிருந்து புறப்பட்டு, கடற்கரையோ மலையோ பழைய கோட்டையோ காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விட்டுவிடும். நர்ஸுகளும் அவர்கள் வீட்டுக்காரர்களும் போகலாம். சீமைக்கு வந்த நாலு வருஷத்தில் இவர்கள் இருவரும் போகாமல் விட்ட ஞாயிறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கட்டுச்சோறு அவள் பொறுப்பு. வந்த புதிதில் கடையில் அரிசி என்று கேட்டால், இங்கத்துக்காரர்கள் பாலில் போட்டுப் பாயசம் மாதிரிக் காய்ச்சும் குட்டை அரிசியைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். அது எந்தக் காலத்திலும் சோறாகாது. அந்தக் கூழில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கடுகு தாளித்து, டப்பாவில் அடைத்துக்கொண்டு போவாள். "நெல்லு நட்ட எங்கப்பனுக்கு நல்ல காலம், இதைப் பாக்காம போய்ச் சேந்தாரு" என்று சொல்லிக்கொண்டே அவன் வழித்துத் தின்பான். இப்போது குஜராத்திக்காரர் கடையில் நல்ல அரிசி கிடைக்கிறது. சோறு உதிரி உதிரியாக வருகிறது. ஆனால் அந்தப் பேச்சு நின்றுபோய்விட்டது.

போகிற இடத்தில் எல்லாம் ஒரு படக் கார்டு வாங்குவான். பின்பக்கம் தமிழில் ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி, வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பான். யாருக்கும் அனுப்பியதில்லை.

"யாருக்குங்க சேத்து வக்கிறீங்க?" என்று ஒருதரம் கேட்டாள்.

"நாம வந்தோம், பாத்தோம்ங்கறதுக்கு ஒரு அத்தாட்சி வேணாமா?"

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் பக்கம். அவன் ஓயாமல் பேசுவான். மேய்கிற மாட்டைப் பார்த்தால் மடி கனத்தைப் பற்றி, கோதுமை வயலைப் பார்த்தால் தண்ணீர் பாய்ச்சாமல் விளைகிற அதிசயத்தைப் பற்றி. அவள் ஊம் கொட்டிக்கொண்டு வருவாள். ஊம் கொட்டுவதற்கு நடுவில், அவனிடம் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவாள். சின்னக் கேள்விதான். பையன் முகம் எப்படி இருந்துச்சு? ஒவ்வொரு ஞாயிறும் போகும்போது, இன்றைக்குக் கேட்டுவிடுவோம் என்று இருக்கும். திரும்பும்போது, வெளியில் வெளிச்சம் மங்கி ஜன்னல் கண்ணாடியில் அவன் முகம் தெரிய ஆரம்பித்ததும், அடுத்த தடவை என்று ஆகிவிடும்.

அது நடந்தது அறுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில். விண்ணரசி தஞ்சாவூர்க் கன்னிமார் மடத்தில் வளர்ந்தவள். தாய் தகப்பன் யாரென்று தெரியாது. மடத்து ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் படிப்பும் படித்தாள். ஆகவே தலைப்பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய்வீடு கிடையாது. மாயவரத்துக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே, ஓடைக்குடிச் சேரியில், பண்ணை நிலத்தின் ஓரமாக மாமியார் இருதயம்மாள் போட்டிருந்த கூரை வீட்டுக்குத்தான் போனாள். 'நம்ம வீடு' என்று அவள் வாயால் சொல்லி உள்ளே நுழைந்த முதல் வீடு அதுதான்.

மூன்று நாள் அடைமழை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டை அரித்துவிட்டது. விடியற்காலம் பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி தங்கம்மாள் "ஆம்புளப் புள்ள" என்று சொன்னது காதில் விழுந்தது. அழுகைச் சத்தம் பூனைக்குட்டி மாதிரி மெலிசாகக் கேட்டது. அதற்குள் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் கண் விழித்தபோது பக்கத்தில் துணி மட்டும் இருந்தது. பிள்ளை பொழுது உச்சிக்கு வரும்வரை இருந்ததாம். அதற்குள் பங்குச் சாமியார் வந்து சேரவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று உபதேசியார் சொல்லிவிட்டார். அடைக்கலசாமியும் அவன் அம்மாவும் கொல்லையில், வாய்க்கால் கரையை ஒட்டிப் பூவரசு மரத்தடியில் குழி வெட்டிக் கிடத்தினார்கள். தலைமாட்டில் ஒரு செங்கல்லை நட்டார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். தங்கம்மாள் அடுத்த வருஷமே போய்விட்டாள்.

மாமியாருக்கு எழுதத் தெரியாது. மாதம் ஒரு கடிதம் யாரையாவது விட்டு எழுதச் சொல்வாள். ஆடு குட்டி போட்டது, கூலிச் சண்டை, கூரை மாற்றியது எல்லாம் இருக்கும். கடைசி வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான்: மரம் நல்லா இருக்கு. எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது வெறும் மரம். விண்ணரசி முதலில் அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருவாள். போன மாசியில் இருதயம்மாளும் இறந்துபோனாள். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எதிலும் மரம் இல்லை.

இனி முகம் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கோதுமையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான்.

அவளிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. லெஸ்டர் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிரசவ வார்டு. குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குத் தவிக்கிற கத்தோலிக்கப் பிள்ளைகள் வரும். சாமியாருக்கு போன் செய்துவிட்டு, அவர் வருகிறவரை நர்ஸுகள் காத்திருக்கமாட்டார்கள். குழாயில் ஒரு கிண்ணம் தண்ணீர் பிடித்து, பிள்ளையின் நெற்றியில் ஊற்றி, பெயரைச் சொல்லி, பிதா சுதன் என்று சொன்னால் முடிந்தது. ஆபத்துக் காலத்தில் யார் ஊற்றினாலும் ஞானஸ்நானம்தான். மடத்தில் படிக்கும்போதே அவளுக்கு அது தெரியும். அன்றைக்கு அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நினைவில்லாமல் கிடந்தாள். இங்கே வந்து ஆறு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தன் கையால் ஊற்றியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து இறங்கும்போது அவள் மனசு வேறு ஒரு பெயரைச் சொல்லும். அருளப்பன். யாரிடமும் சொல்லாத பெயர்.

சாமியாருக்குக் காத்திருக்கவே தேவையில்லை என்பதை அடைக்கலசாமியிடம் அவள் சொன்னதில்லை.

ஆனி மாதக் கடைசியில் நீலநிற ஏர்மெயில் தாள் ஒன்று வந்தது. அடைக்கலசாமியின் சின்னம்மா மகன் பெரியநாயகசாமி எழுதியிருந்தான்.

'அண்ணனுக்கும் அண்ணிக்கும் தம்பி எழுதியது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருக்கிறவர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது. சேரியில் எல்லாருக்கும் எழுதியாகிவிட்டது. நம் பெரியம்மா வீட்டுக்கு மட்டும் தகராறு. கிழவி செத்தாச்சு, மகன் சீமையில் இருக்கிறான், அங்கே யாரும் குடியில்லை, ஆகையால் அதைப் பண்ணைக் களத்தோடு சேர்க்கவேண்டும் என்று பண்ணைக் காரியக்காரர் இளையபெருமாள் மனுப் போட்டிருக்கிறார். ஆடி இருபதாம் தேதி மாயவரம் தாலுகா ஆபீசில் விசாரணை. வாரிசு நேரில் வந்து சொல்லவேண்டும். வராவிட்டால் குடிசையைப் பிரித்து, கொல்லையையும் மரத்தையும் வெட்டிச் சமன் பண்ணிக் களம் போட்டுவிடுவார்கள். மிராசுதார் இப்போது கரைவேட்டி கட்டிக்கொண்டு ஆளுங்கட்சி மேடையில் உட்கார்ந்திருக்கிறார். நம் விவசாயச் சங்கத்துப் பையன்களில் பாதிப் பேர் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள்.'

அடைக்கலசாமி இரண்டு தடவை படித்தான். மடித்தான்.

"வேணாம்னு எழுதிப் போட்டுடுவோம்" என்றான்.

அவள் அடுப்பில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மூணு சென்ட். இந்தத் தெருவுல நாலு வீட்டு வாசப்படியைச் சேத்தா அவ்வளவு வரும். அதுக்கு ஏரோப்பிளான் ஏறிப் போயி அந்த ஆளுங்க முன்னாடி நிக்கணுமா?"

"கொல்லையையும் வெட்டுவாங்களாம்."

"படிச்சேன்."

அவன் எழுந்துபோய், ஜோடுகளை எடுத்து வைத்துக்கொண்டு பாலிஷ் போட உட்கார்ந்துவிட்டான். ஜோடு ஆலையில்தான் அவனுக்கு வேலை. மரக்கட்டைப் பாதத்தின் மேல் தோலை இழுத்துப் பிடித்து ஆணி அடிக்கிற பிரிவு. பேசப் பிடிக்காத நாளில் வீட்டிலும் ஜோடுதான். வந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழித்து ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு சேரியில், கூலி கேட்ட சண்டையில், பெண்டு பிள்ளைகளோடு குடிசைக்குள் வைத்துக் கொளுத்திவிட்டார்கள் என்று இருந்தது. அன்றைக்கு அவன் வீட்டில் இருந்த ஜோடுகளையெல்லாம் தேய்த்துவிட்டு, கீழ்வீட்டுக் கிழவரின் ஜோடுகளையும் வாங்கித் தேய்த்தான்.

ஊரில் அவன் அப்படி இல்லை. கல்யாணமான புதிதில், மாயவரம் கடைத்தெருவில் சங்கத்து ஊர்வலத்தின் முன்னால் கொடியைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கூலி உயர்வு கேட்டுக் கத்தியவன். அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, இந்த ஆள் என் புருஷன் என்று உள்ளுக்குள் பூரித்திருக்கிறாள். இப்போது அவளுக்கு ஏக்கமாக இருப்பது ஊரை நினைத்தா, பிள்ளையை நினைத்தா, அந்தக் குரலை நினைத்தா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கடிதத்துக்கு அவள் பதில் எழுதவில்லை. எழுது என்று அவன் இரண்டு தடவை சொன்னான். மை தீர்ந்துவிட்டது என்றாள். மை இருந்தது அவனுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு பஸ் ஒரு பிரபுவின் மாளிகைக்குப் போனது. இங்கே பெரிய பண்ணைக்காரர்கள் தங்கள் வீட்டை டிக்கெட் போட்டு ஊராருக்குக் காட்டுவார்கள். வாடகை வசூலித்த காலம் போய்ப் பார்வைக் கட்டணம் வசூலிக்கிற காலம் என்று வார்டு சிஸ்டர் ப்ரீடா சிரித்தாள். அயர்லாந்துக்காரி, விண்ணரசிக்கு நெருங்கியவள். இருவரும் பின்னால் பேசிக்கொண்டு வர, அடைக்கலசாமி முன்னால் நடந்தான்.

இரும்புக் கதவு பனைமர உயரம் இருந்தது. அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட புல்தரை, நடுவில் சரளைக்கல் பாதை, பாதையின் முடிவில் கல்தூண் வைத்த வீடு. கதவருகில் தொப்பி போட்ட ஒரு கிழவர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

விண்ணரசி நிமிர்ந்து பார்த்தபோது, அடைக்கலசாமி பாதையில் இல்லை. பாதையை விட்டு ஓரமாக, கதவுத் தூணுக்கு அருகில் நின்றிருந்தான். காலில் ஜோடு இல்லை. காலுறைகளைச் சுருட்டி ஜோட்டுக்குள் திணித்து, ஜோடியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தான். தலை கொஞ்சம் குனிந்திருந்தது. உள்ளே கூப்பிடுகிறவரை நிற்கிறவன் மாதிரி நின்றான். ஜனங்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஐயா, இங்கே கழற்ற வேண்டியதில்லை. இது கோயிலும் இல்லை, மசூதியும் இல்லை" என்றார் டிக்கெட் கிழவர், நல்ல மனசோடுதான்.

அடைக்கலசாமி குனிந்து தன் காலைப் பார்த்தான். அது தன் கால்தானா என்று பார்க்கிறவன் போலப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆடமுக்கு என்ன ஆச்சு? ஆலையில் தைக்கிறவருக்கே ஜோடு கடிக்கிறதா?" என்று ப்ரீடா சிரித்தாள். ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஆடம் என்று பெயர்.

விண்ணரசி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அங்கேயே புல்தரையில் உட்கார்ந்து, தன் ஜோட்டின் கொக்கிகளைக் கழற்றினாள்.

"கடிக்கவில்லை. இவ்வளவு நல்ல புல்லை ஜோட்டுக் காலோடு மிதிக்கலாமா? நீயும் கழற்று ப்ரீடா, ஜில்லென்று இருக்கிறது."

"உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் பைத்தியம்" என்று சொல்லிவிட்டு ப்ரீடாவும் கழற்றினாள். அவளுடைய பெரிய, வெளுத்த பாதங்களைப் பார்த்து, வழியில் போன இரண்டு குழந்தைகளும் தங்கள் ஜோட்டைக் கழற்ற, அவர்களின் தாய் அதட்ட, பிரபுவின் புல்தரையில் கொஞ்ச நேரம் ஒரே கூத்தாகிவிட்டது. அந்தச் சந்தடியில் விண்ணரசி புருஷனைப் பக்கவாட்டில் நடத்திக்கொண்டு போய், குளத்தங்கரைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். வீட்டை அவர்கள் பார்க்கவில்லை.

குளத்தில் வாத்து நீந்திக்கொண்டிருந்தது. அவன் ஜோட்டை இன்னும் கக்கத்திலிருந்து எடுக்கவில்லை.

"அன்னிக்கு நான் எங்க போனேன்னு நீ கேட்டதே இல்ல" என்றான்.

"சாமியாரைக் கூட்டியாரப் போனீங்க. ரோடு உடைஞ்சிருந்துச்சு. அத்தை சொன்னாங்க."

"அம்மாக்கிட்ட நான் அப்படித்தான் சொன்னேன்."

அவள் தன் ஜோட்டைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

"ரோடு உடைஞ்சது நெசம். மேட்டுப் பாதையில பண்ணை வண்டி போகும். அதைக் கேக்கலாம்னு போனேன். தெருமுனையில செருப்பக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டேன். சங்கத்துல சேந்தப்புறம் ரெண்டு வருசமா அந்தத் தெருவுல செருப்போடதான் நடந்தேன், வம்புக்குன்னே. அன்னிக்குக் கழட்டுனேன். மரியாதையாப் போனா வண்டி குடுப்பாங்கன்னு. வாசல்ல நின்னேன். ஐயா பூசையில இருக்காருன்னாங்க. நின்னேன். சாப்புடுறாருன்னாங்க. அதுக்கும் நின்னேன். மழை அடிக்குது. அப்புறம் இளையபெருமாள் வெளியில வந்து, 'கொடி புடிச்ச கைக்கு இன்னிக்கு வண்டி கேக்குதாடா'ன்னாரு. அதுக்கும் நான் வாயத் தொறக்கல அரசி. கையெடுத்துக் கும்புட்டேன்."

"ம்."

"ஏழு மைல். விடிஞ்ச ஒடனே ஓடியிருந்தா, நீந்திக்கூடப் போயிருந்தா, சாமியாரைத் தூக்கிட்டாச்சும் வந்திருப்பேன். நான் நின்னேன். திரும்பி வந்தப்ப அம்மா மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு."

அவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. சுளீரென்று ஒரு கோபம். ஐந்து வருஷமாக, சேற்றில் விழுந்து எழுந்து ஓடுகிற ஒருவனை அவள் மனசில் வைத்திருந்தாள். அவன் ஓடவே இல்லை. சாமியார் எதுக்கு, ரெண்டு கை தண்ணி போதுமே, வாய்க்கால் நிறைய ஓடிச்சே, நீ வீட்டுல இருந்து நீயே ஊத்தியிருக்கலாமே! இந்த வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. அவன் பக்கம் திரும்பினாள். வெறுங்கால் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, குளிரில் தேய்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் இந்த மனுஷன் இனி எழுந்திருக்கமாட்டான் என்று தெரிந்தது. விழுங்கிக்கொண்டாள். அது இறங்கிய இடம் இன்னும் எரிகிறது.

"அந்த எடத்தைக் குடுக்காதீங்க" என்றாள்.

"அங்க போயி நின்னா இந்தக் கால் தானாக் கழட்டும் புள்ள. பாத்தேல்ல? சீமையிலயே கழட்டுது."

"கழட்டுனாக் கழட்டட்டும். கால் கழட்டிக்கிட்டுப் போவுது. வாய் பேசட்டும்."

அவன் வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க போகலன்னா நான் போவேன். எனக்கு வேற எங்கயும் ஒரு பிடி மண்ணு இல்லை. அங்கதான் இருக்கு."

பிறகு ஜோட்டைக் கக்கத்திலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். அவள் குனிந்து ஒவ்வொரு காலுறையாக உதறிக் கொடுத்தாள். அன்றைக்கு அவன் கார்டு வாங்கவில்லை.

ஆடி பதினைந்துக்குள் ஊர் போய்ச் சேர்கிற மாதிரி ஆலையில் லீவு கேட்டு, அவன் மட்டும் புறப்பட்டான். அவளுக்கு வார்டில் ஆள் பற்றாக்குறை, விடவில்லை. விமான நிலையத்தில், ஏதோ சொல்ல வருகிறவன் மாதிரி வாயெடுத்து, "கேஸை மறக்காம மூடி வச்சிக்க" என்றான்.

அடுத்த ஞாயிறு அவள் தனியாக பஸ் ஏறினாள். ஸ்கெக்னஸ் கடற்கரை. ஏற்கெனவே இரண்டு தடவை அவனோடு வந்த இடம்தான். தண்ணீர் பழுப்பாக, வெகுதூரம் உள்ளே போய்க் கிடந்தது. மடத்துப் பிள்ளைகளோடு தரங்கம்பாடிக்குப் போனபோது கோட்டைச் சுவர்வரை அலை வந்து அடித்தது ஞாபகம் வந்தது. அந்தக் கடலுக்கு அவசரம் இருந்தது. இது வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கடல். ஜன்னல் சீட்டை விட்டுவிட்டு அவன் உட்காருகிற சீட்டில் உட்கார்ந்து திரும்பினாள். அங்கிருந்து பார்த்தால் கோதுமை வயல் சரியாகவே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளின் முகம்தான் தெரியும். இத்தனை நாள் அவன் பார்த்துக்கொண்டு வந்தது அதைத்தானா?

ஒரு கார்டு வாங்கி, பின்னால் ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி டின்னில் போட்டாள்.

கடிதம் அதற்கடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. அவன் கையெழுத்து. நுணுக்கி நுணுக்கி, ஓரமெல்லாம் எழுதியிருந்தான். பழக்கத்தில் அவள் கண் நேரே கடைசிக்குத்தான் போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தி மேலிருந்து படித்தாள்.

'அரசிக்கு. விசாரணை முடிந்தது. தாலுகா ஆபீஸ் வராந்தாவில் ஏறும்போது ஜோடு காலில் இருந்தது. அது நிச்சயம். உள்ளே போய்த் தாசில்தார் மேசைக்கு முன்னால் நின்ற பிறகு பார்த்தால் வெறுங்கால். எங்கே கழற்றினேன், எப்போது கழற்றினேன், தெரியவில்லை. பின்னால் பெரியநாயகசாமி என் ஜோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நீ சொன்னது நினைவுக்கு வந்தது. சரி, போகட்டும் என்று பேச ஆரம்பித்தேன்.

இளையபெருமாள் நாற்காலியில் இருந்தார். தலையெல்லாம் நரைத்துவிட்டது. அங்கே யாரும் குடியில்லைங்க என்றார். நான் சொன்னேன், என் தகப்பன் இருந்தார், அம்மா போன மாசிவரைக்கும் இருந்தது, நான் அங்கேதான் பிறந்தேன், இப்போது என் மகன் கொல்லையில் இருக்கிறான் என்று. அவர் சிரித்துக்கொண்டு, இவனுக்குப் பிள்ளையே கிடையாதுங்க என்றார். இருந்தான், நான் உங்கள் வாசலில் நின்ற அன்றைக்கு உச்சிப்பொழுதுவரைக்கும் இருந்தான் என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, வெளியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தாசில்தார் எழுதிக்கொள்ளச் சொன்னார். குமாஸ்தா எழுதிக்கொண்டே, பையன் பேர் என்ன என்று கேட்டார். பேர் வைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சவரிமுத்து என்று சொல்லிவிட்டேன். அப்பா பேர். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

மறுநாள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். மரத்தை உள்ளே விட்டுத்தான் அளந்தார். மூன்று சென்டுக்குக் கொஞ்சம் குறைகிறது. பட்டா தை மாசத்துக்குள் வரும் என்கிறார்கள். கையில் வந்தால்தான் நிஜம். கூரையை மாற்றி, பெரியநாயகசாமியைக் குடும்பத்தோடு குடிவைத்துவிட்டு வருகிறேன். சனிக்கிழமை வந்து சேர்வேன்.

அவன் முகத்தைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. நேரில் சொல்கிறேன்.

மரம் நல்லா இருக்கு.'

விண்ணரசி தாளை மேசைமேல் வைத்து, ஈரக் கையால் நீவினாள். சவரிமுத்து என்று சொல்லிப் பார்த்தாள். சமையற்கட்டில் அந்தப் பெயர் புதிதாகக் கேட்டது, யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. அருளப்பன் என்று சொன்னாள். இது பழகின பெயர். ஆனால் இதை இன்றுவரை ஒரு காதும் கேட்டதில்லை. சவரிமுத்தை ஒரு குமாஸ்தா மை தொட்டு எழுதியிருக்கிறார், எதிராளியும் காதால் கேட்டிருக்கிறார். யோசித்தபடியே அரிசியைக் களைந்தாள். மூன்று தண்ணீர் போதும், ஐந்தாறு தண்ணீர் போய்விட்டது. கடைசியில், அடுப்பைப் பற்றவைக்கும்போது, "சவரிமுத்துன்னே இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். தன்னுடைய பெயரைத் தன்னோடேயே வைத்துக்கொண்டாள். அதோடு கூட வைக்க அவளிடம் இன்னொன்றும் இருந்தது. குளத்தங்கரையில் விழுங்கியது.

மறுநாள் வார்டில், ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலை எடுத்துக்கொண்டு ப்ரீடா வந்தாள்.

"இந்தத் தடவை மலைப்பக்கம். ரயில்கூட உண்டாம். உங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிவிட்டேன். ஆடம் சனிக்கிழமை வந்துவிடுவாரே?"

"வந்துவிடுவார். எங்கள் பெயரை அடித்துவிடு."

"ஏன், அவருக்கு உடம்பு சரியில்லையா?"

"நன்றாக இருக்கிறார்" என்றாள் விண்ணரசி. "இந்த ஞாயிறு நாங்கள் எங்கும் போகவில்லை. வீட்டில் இருக்கப் போகிறோம்."